கரிசல் காட்டிலிருந்து வந்த கண் டாக்டர்



சென்ற இதழில் தண்ணீர் லாரிக் கணக்கை எழுதிய அதே ஆள்தான் இப்போதும் எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், இந்த முறை கணக்கு இல்லை. நம் மலரில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் தன் ஊர்ப் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். என் முறை வந்தபோது ஆசிரியர் குழுவில் எல்லோரும் நான் காமராஜரைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்துவிட்டார்கள். விருதுநகர் மாவட்டத்துக்காரன் வேறு யாரை எழுதுவான்? ஆனால் காமராஜரைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. நான் எழுத நினைத்தது டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பற்றி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். அவர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. நம் குடியிருப்பில் இளம் தம்பதிகள் பலருக்கு ஆஸ்பத்திரியின் பெயர் தெரிகிறது, ஆளைத் தெரியவில்லை.

முதலில் எங்கள் ஊரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்படி இல்லை. திருச்சுழியை ஒட்டி குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு, பெயரளவில். மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் வரும், மற்ற நாளெல்லாம் மணல்தான். ரமண மகரிஷி பிறந்த ஊர் என்பதால் வெளியூர்க்காரர்கள் திருச்சுழிக் கோயிலுக்கு வருவார்கள். மற்றபடி அந்தப் பக்கம் வேலையில்லாமல் யாரும் வருவதில்லை. ஐப்பசியில் மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம், மல்லி. பெய்யாவிட்டால் கருவேல மரத்தை வெட்டிக் கரி மூட்டம் போடலாம். அருப்புக்கோட்டை டவுனில் தறி உண்டு. என் அப்பா தறிக்காரர். அப்பத்தா மட்டும் திருச்சுழிக்கு அப்பால் கிராமத்திலேயே இருந்துவிட்டார்.

அந்தக் கரிசல் பூமி அருப்புக்கோட்டையோடு முடிந்துவிடுவதில்லை. தெற்கே எட்டயபுரம் வரைக்கும் அதே கறுப்பு மண், அதே வெயில். அங்கே வடமலாபுரம் என்ற சிறிய ஊரில், 1918-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி, ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாக வெங்கடசாமி பிறந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சிலேட்டு, பென்சில் கிடையாது. ஆற்று மணலை அள்ளி வந்து பரப்பி, விரலால் எழுதிப் பழகினார்கள். பிறகு படிப்புக்காகப் பல மைல் நடை. பள்ளிக்குப் போவதற்கு முன் எருமை மேய்க்கிற வேலையும் இருந்தது.

ஊரில் டாக்டர் இல்லை. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, நெருங்கிய உறவில் அக்கா முறையாகும் பெண்கள் மூன்று பேர், அடுத்தடுத்துப் பிரசவச் சிக்கலில் இறந்துபோனார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய செய்தியே இல்லை. எங்கள் பக்கம் எந்த வீட்டில் விசாரித்தாலும் அப்படி இறந்த ஒருவராவது இருப்பார். ஆனால் அந்தப் பையன் அதை மறக்கவில்லை. பிரசவம் பார்க்கிற டாக்டர் ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டான். கண் டாக்டர் ஆகும் எண்ணம் அவருக்கு எள்ளளவும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938-இல் பட்டம் பெற்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் டாக்டர் ஆனார். உலகப் போர் நேரம், ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். இதுவரைக்கும் நேர்க்கோட்டில் போன வாழ்க்கை 1948-இல் முறிந்தது. முடக்குவாதம் என்கிறோமே, ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அது வந்து கை கால் மூட்டுகள் எல்லாம் வீங்கி முடங்கிப் போயின. ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஓராண்டுக்கும் மேல் ஆஸ்பத்திரிப் படுக்கை. எழுந்து நிற்க முடியாது, பேனா பிடிக்க முடியாது. வயது முப்பது.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியபோது விரல்கள் நிரந்தரமாக வளைந்துவிட்டிருந்தன. பிரசவ வார்டில் இரவு பகலாக நின்று வேலை பார்க்கிற உடம்பு இல்லை அது. அதனால்தான் கண் மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். டிப்ளமோ, பிறகு எம்.எஸ். முதலில் பேனா பிடிக்கப் பழகினார், பிறகு கத்தி பிடிக்கப் பழகினார். தன் விரலுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். கண் அறுவைக்குத் தோள் பலம் வேண்டாம், விரல் நுனி போதும் என்று சொல்வார்கள். இவருக்கு அந்த விரல் நுனிதான் கோணல். அந்தக் கையால் தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்திருக்கிறார். ஒரே நாளில் நூறு வரை செய்த நாட்களும் உண்டு.

நான் முப்பத்தெட்டு வருஷம் பேனா பிடித்துச் சம்பளம் வாங்கியவன். கட்டை விரலில் ஒரு சின்ன வலி வந்தால்கூட கவுண்டரை மாற்றித் தரச் சொல்லி மேனேஜரிடம் நின்றிருக்கிறேன். அதனால் இந்த இடத்தை எப்போது நினைத்தாலும் சற்று வெட்கமாக இருக்கும்.

1956-இல் மதுரை அரசு எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்கு (இன்றைய ராஜாஜி ஆஸ்பத்திரி) கண் பிரிவுத் தலைவராக வந்தார். மருத்துவக் கல்லூரியில் பாடமும் நடத்தினார். இருபது வருஷம் அங்கேயே இருந்தார். நான் இனிமேல் சொல்லப்போகிற விஷயத்துக்கு இந்த இருபது வருஷம்தான் முக்கியம். ஏனென்றால் என் அப்பத்தாவுக்குக் கண் போனது அந்த இருபது வருஷத்துக்குள்தான்.

அப்பத்தாவுக்கு முதலில் ஒரு கண் மங்கியது, பிறகு இன்னொன்று. கருவிழிக்குள் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது சின்னப் பிள்ளையான எனக்கே தெரியும். புரை என்று இன்றைக்கு எல்லோரும் சொல்லிவிடுவோம். அன்றைக்கு அதற்கு வயசாகிவிட்டது என்று பெயர். நரை வருவது போல, பல் விழுவது போல, பார்வை போவதும் ஒன்று. ஏழு வருஷம் திண்ணையில் உட்கார்ந்தே இருந்தார். முறத்தில் பயறைப் போட்டுக் கொடுத்தால் கல்லை விரலால் தடவி எடுத்துவிடுவார். லீவுக்குப் போனால் என் தலையைத் தடவிப் பார்த்து எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்வார். 1972-இல் இறந்தார். என் தங்கையின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர். அங்கே அரசு ஆஸ்பத்திரியில், காசு வாங்காமல், அந்தப் புரையை எடுக்கத் தெரிந்த ஒருவர், எங்கள் மண்ணைச் சேர்ந்தவரே, அந்த ஏழு வருஷமும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பாவுக்கு அது தெரியாது. அப்பா மதுரைக்கு நூல் வாங்க மாதம் ஒருமுறை போய்வந்தவர். அப்பத்தாவை அவர் கவனிக்காமல் விட்டார் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

டாக்டர் வெங்கடசாமிக்கும் இதே கணக்குதான் உறுத்தியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால், வராமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களை யார் பார்ப்பது? 1960-களில் கிராமங்களுக்கே போய் முகாம் போடத் தொடங்கினார். பள்ளிக்கூடம், சத்திரம், கல்யாண மண்டபம், எங்கே இடம் கிடைத்தாலும் சரி. பார்வை திரும்ப முடியாதவர்களுக்கு என்று 1966-இல் ஒரு மறுவாழ்வு மையம். 1973-இல் கண் மருத்துவ உதவியாளர்களுக்குப் பயிற்சி. அதே வருஷம் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது.

1965-இல் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் சர் ஜான் வில்சன் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் நடந்த விபத்தில் சிறுவனாக இருக்கும்போதே இரண்டு கண்ணையும் இழந்தவர் அவர். காமன்வெல்த் நாடுகளின் பார்வையற்றோருக்காக ஒரு சங்கம் தொடங்கி நடத்திவந்தார். இருவரும் கடைசிவரை நண்பர்கள். நம் நாட்டில் 1976-இல் பார்வையிழப்புத் தடுப்புக்கு ஒரு தேசியத் திட்டம் வந்ததற்கு இவர்கள் இருவரும் இந்திரா காந்தியைப் பார்த்துப் பேசியதும் ஒரு காரணம்.

டாக்டர் என்றால் கத்தி என்றுதான் நமக்கு நினைப்பு. இவருடைய வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது கத்தியே இல்லாத ஒரு பகுதி. அரசு ஆஸ்பத்திரியில் இருந்தபோது குழந்தைகள் வருவார்கள். புரை இல்லை, அடிபடவில்லை, ஆனால் கருவிழி வறண்டு, வெந்தது போலக் குழைந்து போயிருக்கும். முதலில் மாலைக்கண் வரும். பொழுது சாய்ந்தால் பிள்ளை தட்டுத் தடுமாறும். அப்போதே கவனித்தால் சரியாகிவிடும். கவனிக்காமல் விட்டு, நடுவில் ஒரு அம்மையோ வயிற்றுப்போக்கோ வந்தால், சில நாட்களில் கண் போய்விடும். காரணம் வைட்டமின் ஏ பற்றாக்குறை. வயசானவர்களின் புரையை அறுவையால் சரிசெய்யலாம். இப்படிப் போன கண்ணை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. நாலு வயதில் போனால் அறுபது வருஷ இருட்டு.

இதில் கொடுமை என்னவென்றால், மருந்து வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டிருக்கும். முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி, பப்பாளி. எங்கள் பக்கம் மழையே இல்லாத வருஷத்திலும் முருங்கை தழைக்கும். ஆனால் கீரை கொடுத்தால் பிள்ளைக்குச் செரிக்காது, வயிற்றால் போகும் என்று தாய்மார்களுக்கு ஒரு பயம். ஆட்டுக்கு ஒடித்துப் போடுவார்கள், பிள்ளைக்கு வெறும் கஞ்சி ஊற்றுவார்கள். அறியாமை என்று சுலபமாகச் சொல்லிவிட வேண்டாம். பெரியவர்கள் சொன்னதை நம்பினார்கள்.

வெங்கடசாமி 1970-களின் தொடக்கத்தில் மதுரையில் இந்தக் குழந்தைகளுக்கென்று ஓர் ஊட்டச்சத்து மையம் ஏற்பாடு செய்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கண் லென்ஸைப் பற்றி ஆராய்ச்சி செய்துவந்த அன்டோனெட் பிரி என்ற அம்மையார் இதில் துணையாக இருந்தார். அங்கே குழந்தையை மட்டும் சேர்க்கவில்லை, தாயையும் சேர்த்துத் தங்கவைத்தார்கள். தாயே சமைக்க வேண்டும், தாயே ஊட்ட வேண்டும். பருப்போடு கீரையைக் கடைந்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, சோற்றில் பிசைந்து கொடுப்பது. அந்தச் சத்து எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும் என்பதால் எண்ணெய் கட்டாயம். பிள்ளை தேறி வருவதைத் தாய் தன் கண்ணால் பார்ப்பாள். ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவளே சொல்வாள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் நூறு தடவை சொல்வதைவிட அது பலிக்கும். வீட்டோரம் கீரை வளர்க்கவும் பழக்கினார்கள்.

நான் வெங்கடசாமியை டாக்டர் என்பதைவிட வாத்தியார் என்று சொல்லத் தோன்றுவது இதனால்தான். (இடையில் ஒரு விஷயம். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நிற்கும் முருங்கையைக் கம்பளிப்பூச்சிக்காக வெட்ட வேண்டும் என்று செயற்குழுவில் மனு வந்திருக்கிறது. நான் எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன். பூச்சிக்கு வேறு வழி பார்க்கலாம்.)

1976-இல் 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு. நம் குடியிருப்பில் ஓய்வு பெற்றவர்கள் நாற்பது பேராவது இருக்கிறோம். காலையில் நடை, செய்தித்தாள், அப்புறம் லிஃப்ட் ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு சண்டை. அவர் என்ன செய்தார் என்றால், மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். மனதளவில் ஸ்ரீ அரவிந்தரைப் பின்பற்றியவர், அதனால் அந்தப் பெயர். காசு உள்ளவர்கள் கொடுக்கலாம், இல்லாதவர்களுக்கு இலவசம். வைத்தியத்தின் தரத்தில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் இருக்கக்கூடாது. கட்டில், தனி அறை என்பதில் மட்டும்தான் வித்தியாசம். இலவசப் பிரிவில் பாயில் படுக்க வேண்டும்.

பெரிய கட்டடம் கட்டக் கடன் கேட்டபோது வங்கிகள் கொடுக்கவில்லை. வங்கிக்காரனாக நான் இதை நியாயப்படுத்தவும் மாட்டேன், திட்டவும் மாட்டேன். வயது அறுபதை நெருங்குகிறது, கையில் முடக்குவாதம், முதலீடு கிடையாது, வாடிக்கையாளர்களில் பாதிக்கும் மேல் காசு கொடுக்காதவர்கள். அந்த விண்ணப்பம் என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் குறிப்பெழுதி மேலே தள்ளியிருப்பேன், மேலே அதை ஓரமாக வைத்திருப்பார்கள். அவர் தன் வீட்டை அடமானம் வைத்தார். உடன்பிறந்தவர்கள் குடும்பத்தில் இருந்த நகைகளும் அடகுக்குப் போயின. நகைக்கடன் கவுண்டரில் எட்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். கழுத்திலிருந்து கழற்றித் தராசில் வைக்கிற பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கல்யாணம், விதைப்பு, ஆஸ்பத்திரிச் செலவு என்று ஆயிரம் காரணத்துக்கு வைப்பார்கள். முன்பின் தெரியாத ஊரார் கண்ணுக்காக நகை வைத்த குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

கீழ்த்தளம் கட்டி, அதில் வருகிற பணத்தில் மேல்தளம் என்று கட்டினார்கள். 1981-இல் 250 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி ஆனது. பிறகு தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி. பெரும்பாலானோருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பார்த்தும் ஆஸ்பத்திரி நஷ்டத்தில் ஓடவில்லை. இதற்கு ஒரு வணிகவியல் பட்டதாரியாக எனக்குத் தெரிந்த விளக்கம் எளிது. ஒரு டாக்டரின் நேரம்தான் அங்கே விலை உயர்ந்த சரக்கு. அதை வீணாக்கக்கூடாது. அறுவை அரங்கில் இரண்டு மேஜைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும். தயார் செய்வது, பார்வை அளப்பது, ஆறுதல் சொல்வது, எல்லாம் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கிராமங்களிலிருந்து வந்து, அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். அமெரிக்காவில் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஹாம்பர்கர் விற்கிற மெக்டொனால்ட் கடையைப் பார்த்துவிட்டு, கண் அறுவையையும் இப்படி ஏன் கொடுக்க முடியாது என்று யோசித்தவர் அவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் புரை எடுத்தால் சோடாப் புட்டி போலக் கனத்த கண்ணாடி போட வேண்டும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடி குருடு. கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வந்தபோது அது வெளிநாட்டுச் சரக்கு, ஏழைக்கு எட்டாத விலை. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்று தொழிற்சாலை தொடங்கி, அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு லென்ஸ் செய்தார்கள். இன்று பல நாடுகளுக்குப் போகிறது.

குடும்பத்துக்கு வருகிறேன். வெங்கடசாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் தகப்பன் ஸ்தானத்தில் நின்று தம்பி தங்கைகள் நால்வரையும் ஆளாக்கினார். படிப்பு, கல்யாணம் எல்லாம் அண்ணன் பொறுப்பு. கடைசித் தங்கை நாச்சியாரைக் கண் டாக்டர் ஆக்கினார். நாச்சியாரின் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் டாக்டர். தம்பி சீனிவாசன் கட்டட வேலையையும் வரவு செலவையும் பார்த்துக்கொண்டார். அரசு வேலையில் இருந்த தங்கையும் மாப்பிள்ளையும் அதை விட்டுவிட்டு அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அடுத்த தலைமுறைப் பிள்ளைகளிலும் பலர் கண் டாக்டர்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு இதில் ஒரு சந்தேகமும் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணன் எடுத்த விரதத்துக்குத் தம்பி தங்கைகள் வாழ்க்கையையும் சேர்த்து வைத்தது எந்த அளவுக்கு நியாயம்? வெளியே போயிருந்தால் பல மடங்கு சம்பாதித்திருக்கக்கூடியவர்கள். ஆரம்ப வருஷங்களில் சம்பளம் குறைவு, வேலை விடியுமுன் தொடங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமை முகாம். குடும்பம் கூடினால் அங்கும் படிப்பும் விவாதமும். அவர் கண்டிப்பானவர். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் மூத்தவர் முடிவெடுத்தால் மற்றவர்கள் தலையாட்டுவது சாதாரணம், அதனால் கெட்டுப்போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படி நடக்காமல் போனதற்கு எனக்குத் தோன்றும் காரணம், மற்றவர்களிடம் கேட்டதைவிட அதிகமாக அவர் தன்னிடம் கேட்டுக்கொண்டார். வலிக்கிற மூட்டோடு விடியற்காலையில் அறுவை அரங்கில் முதல் ஆளாக நின்றவரிடம் யார் போய் முடியாது என்பது?

என் அப்பாவின் கதையையும் சொன்னால்தான் இது முழுமையாகும். நான் 1981-இல் வங்கியில் சேர்ந்தேன். சில வருஷம் கழித்துத் திருச்சுழி பக்கம் ஒரு கிளைக்கு மாற்றல். வயதானவர்கள் பென்ஷன் வாங்க வருவார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே கட்டம் தெரியாமல் வவுச்சருக்கு வெளியே எழுதுவார்கள். கண் தெரியவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், விளக்கு மங்கலாக இருக்கிறது என்பார்கள். நானும் விரலைப் பிடித்து மையில் வைத்து ரேகை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன். அதே நேரம் அருப்புக்கோட்டையில் அப்பா தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். மகனிடம் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு முன் அப்பத்தாவுக்கு அவர் சொன்ன அதே காரணத்தைத் தனக்கும் சொல்லிக்கொண்டார்.

அவரை மாற்றியது டாக்டரும் இல்லை, நானும் இல்லை. எங்கள் தெருவிலேயே அறுவை செய்துகொண்டு திரும்பி வந்த ஒரு பாட்டி. வந்த மறுவாரமே வீடு வீடாகப் போய், எவர் கண்ணில் வெள்ளை தெரிகிறதோ அவர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். முகாமிலிருந்து பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப் போனது, சாப்பாடு போட்டது, வலிக்கவில்லை என்பது, திரும்பக் கொண்டுவந்து விட்டது, எல்லாம் ஒப்பித்துவிடுவார். அடுத்த முகாமுக்கு அப்பா போனார். கட்டு அவிழ்த்த அன்று அவர் முதலில் பார்த்தது என் தலையில் விழுந்திருந்த வழுக்கையை. அதைச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் தறியில் உட்கார்ந்தார்.

அந்தப் பாட்டி சொந்த உற்சாகத்தில் செய்கிறார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இதை ஒரு முறையாகவே மதுரை சுற்றுவட்டாரக் கிராமங்களில் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது. சில ஊர்களில் ஒலிபெருக்கி விளம்பரம், சில ஊர்களில் பரிசோதனை வேன், சில ஊர்களில் ஏற்கெனவே புரை எடுத்துக்கொண்டவரை வீடு வீடாக அனுப்புவது. அறுவை மட்டும் இலவசம் என்பது ஒரு வகை, போக வர வண்டியும் சாப்பாடும் சேர்த்து இலவசம் என்பது இன்னொரு வகை. வண்டியும் சாப்பாடும் சேர்ந்த ஊர்களில் அதிகம் பேர் வந்தார்கள். இலவச அறுவைக்கு ஏன் வரவில்லை என்று ஜனங்களைக் குறை சொல்லாமல், கிழவரோடு துணைக்கு வருகிற மருமகளுக்கு இரண்டு நாள் கூலி போகிறதே என்று யோசிப்பது எல்லோருக்கும் வருவதில்லை. சம்சாரி வீட்டில் பிறந்தவருக்கு அது சொல்லாமலே தெரிந்திருக்கும்.

டாக்டர் வெங்கடசாமி கடைசி வருஷங்களிலும் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்த பிறகும் நோயாளிகளுக்கு நடுவே நடந்து, யார் எந்த ஊர் என்று விசாரிப்பதை விடவில்லை. 2006-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி, 87 வயதில், மதுரையில் காலமானார். 2018-இல் அவருடைய நூற்றாண்டு பிறந்த நாளன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. என் பேத்தி செல்போனில் காட்டி, யார் தாத்தா இது என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்குக் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொண்டு முடிக்கிறேன். என் வலது கண்ணில் புரை இருப்பதாக இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். தண்ணீர் லாரி கணக்கு, பொதுக்குழு, மகள் வருகை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சென்ற இதழில் சிந்தாமணி பிளாக்கின் எண்ணிக்கையில் 8 என்பதை 3 என்று நான் போட்டது (மன்னிக்கவும்) அதனால்தான். இந்தக் கட்டுரையை எழுதிவிட்டு அந்த அம்மாவின் பேரனாகவும் அந்த அப்பாவின் மகனாகவும் இன்னும் தள்ளிப்போட முடியவில்லை. அடுத்த மாதம் 12-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நாளைக்கு லாரி ரசீதுகளைப் பொருளாளரிடம் கொடுக்கவும்.